தண்ணீருக்குள் சொன்னவை

மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடலாம் என்றுதானே நினைக்கிறீர்கள்? கன்னத்தை உப்பி வைத்திருக்கும் விதத்திலேயே தெரிகிறது. விட்டுவிடுங்கள். இன்னும் நாம் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

நீங்கள் சி பிளாக்கிற்குப் புதிதாக வந்திருப்பவர் என்று செக்யூரிட்டி சொன்னார். நான் ஏ பிளாக். சியாமளா. பெண்கள் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். அதனால் பேச்சு கொஞ்சம் வகுப்பு எடுப்பது போலத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீச்சல் சொல்லிக்கொடுக்கும் ஜெபா மிஸ் வருவதற்கு நேரம் இருக்கிறது. பெண்களுக்கான நேரம் தொடங்கிவிட்டாலும் அவர் வந்து விசில் ஊதாமல் புதியவர்கள் யாரும் இறங்கக் கூடாது. அதற்குள் நீச்சலில் மூச்சைப் பற்றி நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பயன்படும். எனக்கு யாரும் இப்படி உட்கார வைத்துச் சொல்லவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மூச்சு எனக்குப் புதிய பாடம் இல்லை. இந்தக் குடியிருப்பின் மொட்டை மாடியில் பல வருடங்களாக நான் பிராணாயாம வகுப்பு நடத்துகிறேன். பூரகம், கும்பகம், ரேசகம்: இழுப்பது, நிறுத்துவது, விடுவது. எல்லாம் மூக்கால். வாய் சாப்பிடுவதற்கும் பேசுவதற்கும். சீதளி என்ற ஒரே ஒரு பயிற்சிக்கு மட்டும் விலக்கு உண்டு. அதில் நாக்கைக் குழல் போல மடித்து வாயால் இழுப்போம். மற்றபடி வாயால் மூச்சு விடுபவரைக் கண்டால் நான் படிக்கட்டிலேயே நிறுத்தித் திருத்திவிடுவேன். பால்காரர் என்னைக் கண்டால் லிஃப்டில் போகிறார். அது வேறு விஷயம்.

அப்படிப்பட்ட நான் ஏன் இந்த நீச்சல் குளத்தில் இறங்கினேன் என்றால், அதற்குக் காரணம் என் மகள் முல்லை.

முல்லை இதே குடியிருப்பில் பி பிளாக்கில் இருக்கிறாள். மாப்பிள்ளை சிபி வாங்கிய வீடு. மகள் பக்கத்து பிளாக்கிலேயே இருக்கிறாள், உங்களுக்கென்ன குறை என்று எல்லாரும் கேட்பார்கள். எனக்குக் குறை ஒன்றும் இல்லை. குறை சொல்லும் பழக்கமே எனக்குக் கிடையாது. அந்த வீட்டில் என் சம்மந்தியம்மாவும் இருக்கிறார், அவ்வளவுதான். பூவாத்தாள் என்று பெயர். கோபிப் பக்கம் பெரிய தோட்டம். சம்மந்தி காலமான பிறகு தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகனோடு வந்துவிட்டார். அருமையான மனுஷி. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மரியாதையாகத்தான் நடத்துவோம். எதிரில் பார்த்தால், "வாங்க சம்மந்தி, சாப்பிட்டீங்களா?" "ஆச்சுங்க, நீங்க?" "ஆச்சு." அவர் ஒரு படி இறங்கினால் நான் இரண்டு படி இறங்குவேன். பெண்ணைக் கொடுத்தவர்கள் அப்படித்தானே இருக்க வேண்டும்? மனத்தில் ஏதாவது இருந்தாலும் வாய்க்கு வராது. வரவும் கூடாது.

பொங்கலுக்கு இங்கே நிகழ்ச்சிகள் நடக்கும். கோலம், உறியடி, பிறகு குளத்தில் ஜோடி நீச்சல். இரண்டு பெண்கள், கயிறு கட்டிப் பிரித்த பக்கத்துப் பக்கத்துப் பாதைகளில், ஒரு நீளம் நீந்த வேண்டும். நடுவில் நின்றாலோ கயிற்றைப் பிடித்தாலோ போயிற்று. இருவரும் அந்தக் கோடிச் சுவரை ஒன்றாகத் தொட வேண்டும். வேகமாக முதலில் போய்ச் சேர்ந்தாலும் செல்லாது. முல்லை என்னைக் கேட்காமலே என் பெயரையும் சம்மந்தியம்மா பெயரையும் ஜோடியாகக் கொடுத்துவிட்டாள்.

"அம்மா, சம்மந்தி ஜோடி வேற யாருமே இல்லை. செமையா இருக்கும்."

"எனக்கு நீந்தத் தெரியாதேடி."

"இன்னும் டைம் இருக்கு, கத்துக்கோ. நீதான் மூச்சு டீச்சர் ஆச்சே, உனக்கு என்ன? முடியலைன்னா அத்தை உன்னை இழுத்துட்டு வந்துடுவாங்க."

இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்களாம். நீங்களே சொல்லுங்கள். என்னிடம் மூச்சு படித்த பெண்கள் எல்லாரும் கரையில் நிற்பார்கள். அவர்கள் கண் முன்னால் நான் பாதியில் மூச்சு வாங்கி நிற்பதா? அல்லது சம்மந்தியம்மா என்னைத் தோளைப் பிடித்து இழுத்து வருவதா? அன்று மாலையே ஜெபா மிஸ்ஸிடம் சேர்ந்துவிட்டேன். சம்மந்தியம்மாவும் சேர்ந்தார். அவருக்கு எதற்கு என்று கேட்டேன். "எனக்குக் கெணத்து நீச்சல்தானுங்க தெரியும். இங்க என்னமோ வரிசையாப் போகோணுமாமே" என்றார்.

கிணற்று நீச்சல் பார்த்திருக்கிறீர்களா? தலை மேலே நிற்கும். நீர்க்காகம் போல. கழுத்து வரை தண்ணீர், அதற்கு மேல் அவர் தனியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது போல இருக்கும். ஜெபா மிஸ், "ஆத்தா, முகத்தைத் தண்ணிக்குள்ள வைங்க" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். "ஏனுங் மிஸ்ஸு, கெணத்துல மொகத்தை முக்குனவ எவ மேல வந்திருக்கறா?" என்று கேட்டுவிட்டுத் தலையை நிமிர்த்திக்கொண்டே போய்விட்டார். கால் கீழே இழுக்கும், கழுத்து வலிக்கும், பார்க்கவும் அழகில்லை. ஆனால் போய்ச் சேர்ந்துவிடுவார். நான்தான் சேரவில்லை.

என் சிக்கல் என்னவென்றால், நான் மிகச் சரியாகச் செய்தேன். மூக்கால் நிறைய இழுத்தேன். முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். கும்பகம். வீசி வீசி நீந்தினேன். மூச்சு முட்டும்போது தலையைத் தூக்கி, பழையதை விட்டுப் புதியதை இழுக்கப் பார்த்தேன். இரண்டுக்கும் சேர்த்து அங்கே நேரம் இல்லை. பாதியை விடுவதற்குள் தண்ணீர் மூக்கில் ஏறிவிடும். தும்மல், இருமல், கயிறு. ஒவ்வொரு முறையும் கயிறு. கரையில் நின்ற ஹேமலதா, என் மாணவி, "மேடம், ரேசகம்! ரேசகம்!" என்று கத்தினாள். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

ஜெபா மிஸ் பொறுமையாகச் சொன்னார். "மேடம், உங்களுக்குக் காத்து பத்தலைன்னு நினைக்கிறீங்க. காத்து ஜாஸ்தி. உள்ளயே வெச்சிருக்கீங்க. முகம் தண்ணிக்குள்ள இருக்கும்போதே எல்லாத்தையும் விட்டுடணும். திரும்பும்போது இழுக்கிறது மட்டும்தான் வேலை. வாயால."

"வாயாலா?"

"வாயாலதான் மேடம். மூக்கால இழுத்தா குளமே உள்ள வந்துடும்."

அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை வருடம் மாடியில் நான் சொன்னது என்ன, இங்கே கேட்பது என்ன! ஆனால் நான் அறிவியல் படித்தவள். இலைக்கு மூக்கா இருக்கிறது? அடிப்புறத்துத் துளைகளால் மூச்சு விடுகிறது. சூழல் மாறினால் வழியும் மாறும். வாய்க்கு ஒத்துக்கொண்டேன். விடுவதுதான் வரவில்லை. முகம் தண்ணீரில் பட்ட உடனே உள்ளே ஏதோ கதவு சாத்திக்கொள்ளும்.

அப்போதுதான் ஜெபா மிஸ் அந்த வழியைச் சொன்னார். "தண்ணிக்குள்ள ஏதாவது பேசுங்க மேடம். பேசினா மூச்சு தானா வெளிய போயிடும். மூச்சைப் பத்தியே நினைக்க வேண்டாம். எது வேணா பேசுங்க. யாருக்குக் கேக்கப் போகுது?"

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் கணவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "உன்னைப் பேசச் சொன்னாங்களா? கோச் வெச்சு?" என்றார். அவர் அப்படித்தான். கண்டுகொள்ளாதீர்கள்.

முதலில் தாவரக் குடும்பங்களின் பெயர்களைச் சொன்னேன். மால்வேசி, ஃபேபேசி, ரூபியேசி. மனப்பாடமான விஷயம், தடங்கல் இருக்காது என்று நினைத்தேன். ஆனால் அதற்கு மூச்சே செலவாகவில்லை. ஒரு குமிழி, இரண்டு குமிழி. அவ்வளவுதான். பிறகு நாற்பத்தைந்து நிமிட வகுப்பு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஒளிச்சேர்க்கை. அதிலும் பயனில்லை. திரும்பும்போது நெஞ்சு நிறைந்துதான் இருந்தது.

ஒரு நாள் காலை, நீந்திக்கொண்டிருக்கும்போது, தூக்குப்போசியின் ஞாபகம் வந்தது.

என்னிடம் ஒரு நல்ல எவர்சில்வர் தூக்குப்போசி உண்டு. அதில் முல்லைக்குப் பிடிக்குமே என்று கொள்ளுப் பருப்பு கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்தபோது உள்ளே அச்சு வெல்லம் வைத்திருந்தார்கள். வெறும் பாத்திரமாக அனுப்பக் கூடாது என்பதெல்லாம் சம்மந்தியம்மாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மூடி என்னுடையது இல்லை. பித்தளை வளையம் உள்ள மூடி என்னுடையது. வந்தது ஏதோ ஒரு தளர்ந்த மூடி. இதை ஒரு பெரிய விஷயமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீருக்குள் சொன்னேன். "பித்தளை வளையம் போட்ட மூடியை வைத்துக்கொண்டு வேறொரு மூடியை அனுப்பினால் எனக்குத் தெரியாதா?"

குபுகுபுவென்று போயிற்று பாருங்கள்! அடிவயிற்றிலிருந்து. நெஞ்சு காலியாகிவிட்டது. தலையைச் சாய்த்தேன், காற்று உள்ளே வந்தது, மறுபடியும் முகம் தண்ணீருக்குள். ஜெபா மிஸ் கரையில் கைதட்டினார். "அதான் மேடம்! அதேதான்!"

ஒரே ஒரு குற்றம் மட்டும் சொன்னார். "மேல வந்து பேசாதீங்க மேடம். மேல மூச்சு மட்டும்." என்ன செய்வது? வாக்கியத்தைப் பாதியில் விடும் பழக்கம் எனக்கு இல்லை. தலை திரும்பும்போது வாக்கியத்தின் கடைசித் துண்டு மேலே வந்துதான் முடியும். "தெரியாதா?" என்று முடித்துவிட்டுத்தான் மூச்சு இழுப்பேன். திரும்புவது வலப்பக்கம். இடப்பக்கம் சுவர். வலப்பக்கப் பாதையில் சம்மந்தியம்மா, தலையை நிமிர்த்திக்கொண்டு, வானத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருப்பார்.

அதற்குப் பிறகு தினமும் மூடிதான். ஒவ்வொரு வீச்சுக்கும் மூடி. பாதிக் குளம் வந்துவிட்டேன். அந்த வாரக் கடைசியில் ஒரு அதிசயம் நடந்தது. கதவைத் திறந்தால் சம்மந்தியம்மா நிற்கிறார், கையில் பித்தளை வளையம் போட்ட மூடி, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று. "ஏனுங் சம்மந்தி, இது உங்க மூடியாட்ட இருக்குது. அடுக்களையில மாறிக் கெடந்துச்சு." நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தானாகவே கண்டுபிடித்துக் கொண்டுவந்திருக்கிறார். நீச்சல் மனிதரின் கவனத்தைக் கூர்மையாக்குகிறது என்று அன்று மாடி வகுப்பில் எல்லாரிடமும் சொன்னேன்.

ஆனால் மறுநாள் குளத்தில் எனக்குப் பேச எதுவும் இல்லாமல் போய்விட்டது. மூடி வந்துவிட்டதே! மறுபடியும் கயிறு. கொஞ்சம் யோசித்தேன். யோசித்தால் கிடைக்கும். முல்லையின் கல்யாண வரவேற்பில் சம்மந்தியம்மா தன் பக்கத்துச் சொந்தங்களிடம் என்னை அறிமுகப்படுத்தினார்: "இவங்க பொண்ணோட அம்மாங்க. காலேஜுல செடி வளத்தறாங்க." செடி வளர்க்கிறேனாம். முனைவர் பட்டம் வாங்கியவள். பாசிகளைப் பற்றி ஆய்வு செய்தவள். அன்று நான் சிரித்துக்கொண்டு கைகூப்பினேன். தண்ணீருக்குள் கைகூப்ப வேண்டிய அவசியம் இல்லையே! "செடி வளர்ப்பதற்கா எனக்கு டாக்டர் பட்டம் கொடுத்தார்கள்?" முக்கால் குளம் வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மருதமலை அடிவாரத்தில் அவருடைய நாத்தனாரைச் சந்தித்தோம். சம்மந்தியம்மா என் பக்கம் கையைக் காட்டி, மிகவும் கவனமாக, ஒவ்வொரு எழுத்தாக வைத்து, "இவங்க தா...வர...வியல் பேராசிரியைங்க. டாக்டரு. ஊசி போடற டாக்டர் இல்லீங்க, படிச்ச டாக்டரு" என்றார். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஒரு மனிதருக்குள் இப்படி ஒரு மாற்றம்! பிராணாயாமம் பல வருடங்களில் செய்யாததை இந்தக் குளம் சில வாரங்களில் செய்கிறதே என்று நினைத்தேன்.

பிறகு பூ. இதைக் கேளுங்கள், இது குறை இல்லை, தாவரவியல். என் மகளுக்கு முல்லை என்று பெயர் வைத்தவள் நான். அவள் தலையில் வெள்ளிக்கிழமைதோறும் சம்மந்தியம்மா வைத்துவிடுவது கனகாம்பரம். வாசனையே இல்லாத பூ. முல்லை தலையில் கனகாம்பரம்! அதைத் தண்ணீருக்குள் சொன்னபோது, உண்மையைச் சொல்கிறேன், மூச்சு தாராளமாகக் கிடைத்தது. சுவருக்குக் கொஞ்சம் முன்னால்தான் நின்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை முல்லை வந்தாள், தலை நிறைய முல்லைச் சரம். "அத்தை பூக்காரம்மாகிட்ட சண்டை போட்டு வாங்கினாங்க, இனிமே இதுதானாம்" என்றாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இப்படி ஒவ்வொன்றாகச் சரியாகிக்கொண்டே போனால் நான் எப்படி நீந்துவது என்ற கவலையும் இருந்தது. பொங்கலும் வந்துவிட்டது.

அன்று குளத்தைச் சுற்றிக் கூட்டம். கரும்பைக் கட்டி வைத்திருந்தார்கள். என் மாடி வகுப்புப் பெண்கள் முன்வரிசையில். ஹேமலதா கையில் போன், படம் பிடிப்பதற்கு. அந்தக் கோடியில், சுவர்ப் பக்கம், முல்லையும் சிபியும். சம்மந்தியம்மாவின் கொண்டை தொப்பிக்குள் அடங்காமல் கோபுரம் போல நின்றது. "பயப்படாதீங்க சம்மந்தி, பையப் போலாமுங்க. நான் உங்களைப் பாத்துட்டேதான் வருவேன்" என்றார். எனக்குப் பயம் என்று யார் சொன்னது? விசில்.

முதல் சில வீச்சு நன்றாக இருந்தது. மூடியில் தொடங்கினேன். வரவில்லை. மூடி வீட்டில் இருக்கிறதே, காலையில்தான் அதை வைத்துச் சர்க்கரைப் பொங்கலை மூடினேன். செடிக்குப் போனேன். தா...வர...வியல் என்று அவர் பாடுபட்டுச் சொன்ன முகம் வந்து நின்றது. பூவுக்குப் போனேன். முல்லைச் சரம். ஒன்றிலும் மூச்சு இல்லை. எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார்கள் அந்த அம்மாள்! பாதிக் குளம். நெஞ்சில் கதவு சாத்திக்கொண்டது. இடப்பக்கம் சுவர், வலப்பக்கம் கயிறு. கையை நீட்டினால் கயிறு. முன்வரிசையில் ஹேமலதாவின் போன்.

அப்போது, நான் எடுக்கவே கூடாது என்று வைத்திருந்த ஒன்று, தானாக மேலே வந்தது.

ஆடி மாதம் முல்லைக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை, படுத்த படுக்கை. பக்கத்து பிளாக். என் சமையலறை ஜன்னலில் இருந்து அவள் அறை விளக்கு தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை. காய்ச்சல் விட்டு அவள் எழுந்து நடந்த பிறகு, மருந்துக் கடையில் சிபியைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஈரத்துணி போட்டது, கஞ்சி ஊட்டியது, ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தது எல்லாம் சம்மந்தியம்மா. நன்றிதான் சொன்னேன். "ரொம்பச் சிரமப்பட்டுட்டீங்க" என்று சொல்லி, ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன்.

தண்ணீருக்குள் அதைத்தான் சொன்னேன். "என் பெண் காய்ச்சலில் கிடந்தபோது." தலை திரும்பியது. இந்தத் தடவை வாக்கியத்தின் துண்டு அல்ல, மீதி முழுவதும் வெளியே வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தபடி. "பெற்றவளுக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?"

சம்மந்தியம்மாவின் தலை மேலேதான் இருந்தது. நீந்துவதை நிறுத்தவில்லை. மூச்சு வாங்காமல், வாசலில் நின்று பேசுவது போல பதில் சொன்னார்.

"நான் சொல்றேன்னுதானுங்க சொன்னேன். உங்க புள்ளைதான் வேண்டாம்னுருச்சு. அம்மா வந்தா மூச்சை இழுத்து விடச் சொல்லுவாங்க அத்தை, எனக்குத் தூங்கோணும்னுச்சு."

என் முகம் தண்ணீருக்குள் போயிற்று. "என்னது?" என்றேன். அந்த ஒரு சொல்லோடு உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது. எத்தனை நாளாக வைத்திருந்தேனோ, அவ்வளவும். ஒன்றுமே மிச்சமில்லை. தலையைத் திருப்பினேன். நம்புங்கள், நான் இழுக்கவில்லை. காற்று தானாக வந்தது. ஒரு கண் தண்ணீருக்குள், ஒரு கண் வெளியே, கன்னத்துக்குப் பக்கத்தில் தண்ணீரில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்து அதில் காற்று காத்துக்கொண்டிருந்தது. தலையைச் சாய்த்தால் அங்கே காற்று இருக்கும் என்று ஜெபா மிஸ் தினமும் தலைப்பாடாக அடித்துக்கொண்டது இந்தப் பள்ளத்தைத்தான். அதற்குப் பிறகு எனக்குச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. முல்லையிடம் சொல்ல வேண்டியது அவ்வளவு இருந்தது! சுமந்தது யார், பெற்றது யார், சீதளி செய்திருந்தால் காய்ச்சல் ஒரே நாளில் இறங்கியிருக்கும். சுவர் கையில் தட்டியபோது எனக்கு இன்னும் பாதி பாக்கி இருந்தது. என் கைக்குப் பக்கத்தில், அதே நொடியில், வளையல் போட்ட இன்னொரு கை.

கரையில் என்ன சத்தம் என்கிறீர்கள்! ஹேமலதா அழுதேவிட்டாள். "மேடம், அந்த ரேசகம்! அந்த ரேசகம்!"

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன். "சம்மந்தி, நான் தண்ணிக்குள்ள பேசினது உங்களுக்குக் கேட்டுதா?"

"கேக்காம? என்ற தலை மேலதானுங்களே இருந்துச்சு."

"எல்லாமா?"

"துண்டு துண்டாத்தானுங்க. தெனமும் அதையேதான சொன்னீங்க, கோத்துக்கிட்டேன்." கொண்டையில் இருந்து தண்ணீரைப் பிழிந்தார். "மூடி விசயம் வெளங்கத்தான் கொஞ்சம் நாளாச்சு. மொதல்ல என்னைய வாய மூடச் சொல்றீங்களாக்கும்னு நெனச்சேன்."

அவர் சொன்னதைப் பார்த்தால், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. மூடியைத் தேடி எடுத்திருக்கிறார், தாவரவியல் என்று வீட்டில் சொல்லிப் பழகியிருக்கிறார், பூக்காரம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இவ்வளவு நாளாகக் கேட்டது என்று ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கலாம் அல்லவா? நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். ஒளிவுமறைவு எனக்குப் பிடிக்காது.

முல்லையிடமும் கேட்டேன். துண்டால் என் தலையைத் துவட்டிக்கொண்டே, "அம்மா, அன்னைக்கு எனக்குச் சும்மா படுத்துக் கிடக்கணும்போல இருந்துச்சு. அவ்வளவுதான்மா" என்றாள். கிடக்கட்டுமே. நான் என்ன கிடக்க வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? மூச்சை மட்டும் கவனித்தபடி கிட என்றிருப்பேன். அதற்கு இவ்வளவு ரகசியம் எதற்கு? ஆனால் அவள் துவட்டுவதை நிறுத்தவில்லை. நானும் கேட்பதை அத்தோடு நிறுத்திக்கொண்டேன். தலை காய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் துவட்டிக்கொண்டிருந்தாள்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறு வாரம் சம்மந்தியம்மா ஜெபா மிஸ்ஸிடம் போய் நிற்கிறார். "மிஸ்ஸு, எனக்கும் அந்தத் தண்ணிக்குள்ள பேசறதைச் சொல்லிக்குடுங்க."

மாதக்கணக்கில் முகத்தை நனைக்க மாட்டேன் என்று நின்றவர்! ஜெபா மிஸ்ஸுக்கு வாயெல்லாம் பல். "என்ன ஆத்தா, கெணத்துல முகத்தை முக்கலாமா?" என்று சீண்டினார். "இது கெணறு இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரே முக்கு. எனக்கு வாரங்கள் பிடித்தது அவருக்கு அன்றைக்கே வந்துவிட்டது. தொடக்கத்தில் இருந்தே குமிழி. எனக்கு வந்தது போல ஒன்று இரண்டு அல்ல. அடுப்பில் உலை கொதிப்பது போல.

அதோ, வந்துவிட்டார், பார்த்தீர்களா? நீலத் தொப்பி. அந்த ஓரப் பாதை. இறங்கிவிட்டார். பழகியவர்களுக்கு விசில் தேவையில்லை. முகத்தை வைத்துவிட்டார், பாருங்கள். குமிழியைப் பாருங்கள். திரும்புகிறார், வாயால் ஒரு சின்ன மூச்சு, மறுபடியும் உள்ளே. எவ்வளவு ஒழுங்கு! ஒரு துண்டுகூட மேலே சிந்துவதில்லை. வாக்கியத்தைத் தண்ணீருக்குள்ளேயே முடித்துவிடுகிறார். ஒரு நீளம் போய், திரும்பி, மறு நீளம். தினமும் இதே கதைதான். இவ்வளவு நேரம் பேசுவதற்கு அவருக்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. தோட்டத்துக் குத்தகைக்காரனைப் பற்றி இருக்கும். இல்லையென்றால் சிபியைப் பற்றி. என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்க நியாயமில்லை. நான் எப்போதும் இரண்டு படி இறங்கித்தானே போயிருக்கிறேன்?

என் கணவரைக் கேட்டேன். "கேட்டுத்தான் பாரேன்" என்றார். எப்படிக் கேட்பது? எதிரில் பார்த்தால், "சாப்பிட்டீங்களா சம்மந்தி?" "ஆச்சுங்க, நீங்க?" அவ்வளவுதான்.

அதனால் நீங்கள் என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள், இன்றைக்கு மட்டும். ஜெபா மிஸ் சொல்வதை அப்படியே செய்யுங்கள். முகம் உள்ளே, மூச்சு வெளியே, எதையும் பிடித்து வைக்காதீர்கள். நான் இறங்கப் போகிறேன். அவருக்குப் பக்கத்துப் பாதை காலியாக இருக்கிறது. நான் நீந்துவதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், கால் கீழே இழுக்கும், கழுத்து வலிக்கும், பார்க்கவும் அழகாக இருக்காது. கொஞ்ச நாளைக்கு நான் தலையை மேலே வைத்துக்கொண்டுதான் நீந்தப் போகிறேன்.